ஒப்புமை முறியும் இடம்

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலயத் திருவிழா நெருங்கும் மே மாதத்தில், தூத்துக்குடி மாவட்ட நிர்வாகத்தின் தடையுத்தரவுச் செய்தியும் நாளிதழ்களில் வருவது வழக்கமாகிவிட்டது. கூட்டமாகச் சேரத் தடை, வெளியூரிலிருந்து வரும் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு என்று அது நீளும். தமிழ்ப் பாடநூலின் 'கற்பவை கற்றபின்' பகுதிக்காகச் செய்தி நறுக்குகளைச் சேர்க்கும் மாணவர் ஒருவர் அதன் கீழே என்ன எழுதுவார் என்று ஊகிப்பது கடினமில்லை: அன்று கட்டபொம்மனுக்குக் கலெக்டர் தடை, இன்று கட்டபொம்மன் விழாவுக்குக் கலெக்டர் தடை. இந்த வரியைக் கண்டால் நம்மில் பாதிப் பேர் 'நன்று' என்று எழுதி முழு மதிப்பெண் போடுவோம். மீதிப் பேர் வம்பு எதற்கு என்று அடித்துவிடுவோம். இரண்டிலும் மாணவரின் சிந்தனை தொடங்கிய இடத்திலேயே நின்றுபோகிறது. செய்தியையும் இலக்கியத்தையும் இணைக்கச் சொல்லும் பயிற்சியில் நாம் ஒற்றுமைக்கே மதிப்பெண் தருகிறோம். அந்த ஒற்றுமை எங்கே முறிகிறது என்று கேட்பதில்லை. பயிற்சியின் பயனே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மாணவரின் வரியையே எடுத்துக்கொள்வோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1798இல் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இராமநாதபுரத்தில் சந்தித்த ஜாக்சன் ஒரு கலெக்டர்தான். அந்தப் பதவிப் பெயர் இன்றும் நம் பேச்சில் உயிரோடு இருக்கிறது. தடையுத்தரவுக்கான சட்டப்பிரிவும் ஆங்கிலேயர் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழிவந்தது. 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின் 144 என்ற எண் 163 ஆகிவிட்டது, அவ்வளவே. இதுவரை மாணவர் சொன்னது சரி. ஆனால் இன்றைய உத்தரவு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். அன்று இது எதுவும் இல்லை என்று உடனே எழுதிவிடவும் முடியாது. இராமநாதபுரம் சந்திப்பு கைகலப்பில் முடிந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது, ஜாக்சன் பதவியிழந்தார், அவர் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். அதே கம்பெனியின் படைத்தலைவன் பானர்மேன்தான் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பெயருக்கு ஒரு விசாரணை நடத்திக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டான். ஒரே ஆட்சி ஓராண்டு இடைவெளியில் தன் கலெக்டரை விசாரிக்கவும் செய்கிறது, ஒரு பாளையக்காரரை அன்றைக்கே தூக்கிலிடவும் செய்கிறது என்றால், விசாரணை எப்போது நிஜம், எப்போது நாடகம்? மாணவர் அந்தத் தடையுத்தரவுச் செய்தியை மறுபடி படிக்க வேண்டியது இந்தக் கேள்வியோடுதான்.

அதே வரியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாணவர் ஒப்பிடும் கட்டபொம்மன் பெரும்பாலும் 1959இல் வந்த படத்தின் கட்டபொம்மன். அவருக்குப் பின்னால் ம.பொ.சி. எழுதிய கட்டபொம்மன் இருக்கிறார், நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலின் கட்டபொம்மு இருக்கிறார், எதிர்ப்புறத்தில் கம்பெனி அதிகாரிகளின் கடிதங்கள் காட்டும் ஆள் ஒருவரும் இருக்கிறார். இவர்கள் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. செய்தியின் மூலத்தைச் சரிபார்க்கச் சொல்லும் நாம், இலக்கியத்தின் மூலத்தையும் கேட்டுப் பழக்க வேண்டும். கட்சி மாறியவரை எட்டப்பன் என்று திட்டும் மேடை வழக்கத்தை மாணவர் அப்படியே கட்டுரையில் எழுதும்போது, பாரதி பிறந்த, முத்துசுவாமி தீட்சிதர் மறைந்த எட்டயபுரம் அங்கே வெறும் வசையாகிவிடுகிறது என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

இதற்கான கருவியை வெளியில் தேட வேண்டாம். இரு பொருள்களின் ஒப்புமையை முதலில் கூறிப் பிறகு அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது தண்டியலங்காரத்தின் வேற்றுமையணி. உவமை நிற்கும் தளங்களைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். ஆண்டுதோறும் அணியிலக்கணம் நடத்துகிறோம். கொடுத்த செய்யுளில் அணியைக் கண்டுபிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மாணவர் எழுதும் ஒப்புமைகளை இந்த நான்கில் வைத்துப் பார்த்தால் பல, மெய்யிலும் உருவிலும் மட்டுமே நிற்பது தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை மூழ்கியதை, சிலப்பதிகாரம் சொல்லும் கடல்கோளோடு இணைக்க யாருக்கும் கை வரும். தண்ணீர் என்ற உரு ஒன்றுதான், வினை வேறு. ஊருக்குள் புகுந்தது மழைவெள்ளமும் உடைந்த குளங்களின் நீரும். குளத்துக் கரையைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கடல்கோளில் இடமில்லை. நீரைத் தேக்கிவைப்பதே அரசனின் கடமை என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் எடுத்துச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டில் அதற்கு இடம் இருக்கிறது. கடல்கோளைக் கைவிட்டால்தான் மாணவர் அந்தப் பாட்டிடம் போவார்.

இந்த முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சிலப்பதிகாரமே நல்ல சோதனை. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு விதியை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளம் போலீசார் ஒரு தந்தையையும் மகனையும் பிடித்துச் சென்றனர். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆராயாமல் கோவலனைக் கொன்ற பாண்டியனோடு இதை ஒப்பிட்டு எழுதப்பட்டவை ஏராளம். அங்கே நிற்காமல் மாணவரைக் கொலைக்களக் காதைக்குத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் திருட்டுக்குத் துணையாகும் உத்திகளை எட்டென்று அடுக்கி, அந்த ஐயத்தைப் படிப்பறிவால் மூடுகிறான். பேச்சு முடிவதற்குள் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கதைச் சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதி இது. சாத்தான்குளம் வழக்கில் அந்த நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் தாம் கண்டதைச் சொன்னார். இந்த ஒப்புமை வினையில் நிற்கிறது. இரண்டு இடத்திலும் அதிகாரத்துக்கு உள்ளிருந்தே ஒரு மறுப்பு எழுகிறது. மதுரையில் அது வாள் வீச்சுக்கு முன் அமுங்கிப்போனது, சாத்தான்குளத்தில் சாட்சியமானது.

முறிவு இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து, முத்துக்குப் பதில் மாணிக்கப்பரல் தெறித்த கணமே வழக்கு முடிந்துவிடுகிறது. அரசன் தன் குற்றத்தை ஏற்று அரியணையிலேயே உயிர்விடுகிறான். இன்றைய வழக்குக்கோ உயர் நீதிமன்றத்தின் தலையீடு, சி.பி.ஐ. விசாரணை, குற்றப்பத்திரிகை, ஆண்டுக்கணக்கில் சாட்சி விசாரணை எல்லாம் வேண்டியிருந்தது. அந்த அரசனிடம் இருந்த நேர்மை இன்று இல்லை என்று மாணவர் முடிப்பார். மேடைப் பேச்சாளர்களும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் கோவலனைக் கொன்றதும் இதே வேகம்தான். விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொன்ன அரசன், விசாரிக்காமலே தனக்கும் தண்டனை கொடுத்துக்கொள்கிறான். அதன் பிறகும் அந்த வேகம் அடங்குவதில்லை. மதுரை எரிகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், ஒரு பொற்கொல்லனின் வஞ்சத்துக்காக ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டதை உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் சொல்கின்றன. கொற்கை முத்தைப் பாடமாக்குகிறோம், பண்டைத் துறைமுகம் என்று பெருமைப்படுகிறோம், இந்தச் செய்தியை மட்டும் கடந்துபோய்விடுகிறோம். ஒருவர் மீது குற்றச்சாட்டு வந்தாலே அவர் வீட்டை இடிப்பது சட்டப்படி செல்லாது, அது குடும்பம் முழுவதையும் தண்டிப்பது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு அருகில் வைத்துப் படிக்க, தூத்துக்குடி மாவட்ட மாணவருக்குத் தம் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு பகுதி காத்திருக்கிறது. உடனடி நீதிக்கு ஏங்கும் மனத்தை இதைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்கும் இடம் நம் இலக்கியத்தில் அதிகமில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு அரசியல் பற்றியது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் மீதான 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போன ஊர் தூத்துக்குடி. இறந்தவரின் உறவினர், அந்த ஆலையில் வேலையிழந்தவரின் பிள்ளை, காவலரின் பிள்ளை மூவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்புகள் அங்கே உண்டு. ஆசிரியருக்கோ பணி விதிகள் இருக்கின்றன, பெற்றோரின் கோபம் இருக்கிறது. இத்தகைய வகுப்பில் ஒற்றுமையை மட்டும் கேட்கும் பயிற்சிதான் உண்மையில் ஆபத்தானது. இன்றைய செய்தியில் யார் பாண்டியன், யார் பொற்கொல்லன் என்று விரல் நீட்டினால் பெஞ்சு மூன்றாகப் பிளக்கும். எங்கே முறிகிறது என்று கேட்டால் மூவரும் முதலில் நூலைப் பார்க்க வேண்டும், பிறகு செய்தியின் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி விவாதத்தை வகுப்புக்குள் விடாமல், தீர்ப்பும் அந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை போன்றவையும் மட்டுமே செய்தியாகக் கொள்ளப்படும் என்று ஆசிரியர் விதி வகுத்துக்கொள்ளலாம். காயம் ஆறாத செய்திகளை அந்த ஆண்டு தொடாமல் விடும் உரிமையும் ஆசிரியருக்கு உண்டு. அதைக் கோழைத்தனம் என்று இந்த இதழ் கருதாது.

இரண்டாவது மறுப்பு நம் புலமை மரபிலிருந்து வருகிறது: நாளிதழுக்கு ஊழியம் செய்யவா இலக்கியம்? ஒற்றுமை தேடும் பயிற்சியைப் பொறுத்தவரை இந்தக் கோபம் நியாயமானது. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும், சங்கப் பாடல்களுக்கும் அதே வயதைக் கொடுத்துவிடும் கட்டுரைகளைத் திருத்தியவர்களுக்கு அது புரியும். மண்ணடுக்கின் காலம் வேறு, பாட்டின் காலம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பெருமிதம் இலக்கியத்தையும் தொல்லியலையும் சேர்த்தே கெடுக்கும். ஆனால் செய்தியைத் தொடவே கூடாது என்பதற்கு இது காரணமாகாது. கொலைக்களக் காவலரின் ஐயத்தை நோக்கி நம்மைத் திருப்பியது ஒரு செய்திதான். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்றவர். தொல்காப்பிய எழுத்ததிகாரத்துக்கான இளம்பூரணர் உரையைப் பதிப்பித்ததும், திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதியதும் அவரே. அரசியலும் பாடச் சுத்தமும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்க முடியும்.

மூன்றாவது மறுப்பு, நேரமில்லை, மதிப்பெண் இல்லை என்பது. நேரம் இருக்கிறது, 'கற்பவை கற்றபின்' பகுதிக்கு ஏற்கெனவே செலவாகும் நேரமே போதும். மதிப்பெண் பற்றிய குறை உண்மையானது. மாணவரின் ஒப்புமையை வகுப்பில் எவ்வளவு பாராட்டினாலும், நெடுவினாவின் விடைக்குறிப்பு எதற்கு மதிப்பெண் ஒதுக்குகிறதோ அதைத்தான் அவர் எழுதுவார். ஆகவே வினாத்தாள் அமைப்போரிடம் இந்த இதழ் கேட்பது ஒன்று. இன்றைய சூழலோடு ஒப்பிடுக என்று கேட்கும் வினாக்களில் 'ஒப்பிட்டு வேறுபடுத்துக' என்று இருக்கட்டும். வேறுபாட்டுக்கு விடைக்குறிப்பில் பாதி மதிப்பெண் தனியாக ஒதுக்கப்படட்டும். முதல் ஆண்டு விடைத்தாள்களில் அந்தப் பாதி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதற்காகக் குறிப்பை மாற்றிவிடக் கூடாது.