கரூர் வெள்ளியும் தேக்கா பெருமையும்

தேக்கா கோப்பிக்கடையில் நண்பர் ஒரு தினாரியஸை மேசைமேல் வைத்தார். முன்னால் அகஸ்டஸ் முகம். பின்னால் கேடயத்தோடு நிற்கும் பேரன்கள் காயுஸ், லூசியுஸ். நம்மூரில் அதிகம் கிடைத்த வகை.

"கரூர் ஆத்துல எடுத்ததுங்க. ஏஜென்ட் கொண்டாந்தார்."

"பேப்பர் இருக்கா?"

"அதெல்லாம் யாரு கேக்குறா?"

நான் கேட்கிறேன். நூறாண்டு தாண்டிய காசைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. "நாங்க வாங்கலேன்னா உருக்கிடுவாங்க" என்பது இவர்களுடைய நிரந்தர வசனம். உருக்கியதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் வெள்ளி டாலர் காத்திருப்பதும் தெரிந்துதானே மணலைச் சலிக்கிறார்கள்?

சேகரிப்பதையே நான் பழிக்கவில்லை. 'தினமலர்' இரா. கிருஷ்ணமூர்த்தியும் சேகரித்தவர்தான். அவர் காசுகளைப் படித்தார், படத்தோடு அச்சிட்டார். ரோமானியச் சாயலில் சேரன் முகமும் தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயரும் உள்ள வெள்ளிக்காசை இன்று யாரும் பார்க்கலாம், அவரோடு சண்டையும் போடலாம். (போட்டார்கள்.) நண்பரின் காசோடு எப்படிச் சண்டை போடுவது? எந்தத் துறை, கூட என்ன கிடந்தது, எத்தனை காசு, யார் யார் பங்கு போட்டார்கள்? ஏஜென்டுக்குத் தெரியும். சொல்லமாட்டார்.

நண்பருக்கு எடை தெரியும், விலை தெரியும். கேம்பல் லேன் மரபுடைமை நிலையத்தில் ஒருமுறை காட்டுங்களேன் என்றேன். காசை டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.