தட்டு பெரிசா இருக்கட்டும்... இனிப்பு சின்னதா இருக்கட்டும்!

எங்க அண்ணன் மகள் கேட்டரிங் படித்து முடித்துவிட்டு, போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "அத்தை, இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டெஸர்ட் என் பொறுப்பு. நீங்க யாரும் சமையலறைப் பக்கமே வரக்கூடாது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஆளுக்கொரு பெரிய வெள்ளைத் தட்டு வந்தது. நடுவில் ஒரு பிரௌனி, அதன் தலையில் ஐஸ்கிரீம், பக்கத்தில் பாதியாக நறுக்கிய குலாப்ஜாமூன், சுற்றிலும் கோலம் போட்டது போல கேரமல் சாஸ், மேலே சர்க்கரைப் பாகில் இழுத்த வலை! வாயடைத்துப் போனோம். ஆளாளுக்கு போட்டோ எடுத்தார்கள்.

என் மாமனாருக்குப் பன்னிரண்டு வருஷமாக சர்க்கரை. எப்போதும் ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொள்கிறவர், அன்று தட்டை வழித்துவிட்டார். "குழந்தை இவ்வளவு அழகா பண்ணியிருக்கா. மிச்சம் வைக்க மனசு வரலைம்மா" என்றார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 240!

எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். கண் கலங்கினாள். "அத்தை, எனக்கு வகுப்புல சொல்லிக்கொடுத்தது இப்படி இல்ல. தட்டுல முக்கால்வாசி காலியா இருக்கணும், நாலு வாய்ல முடியணும்னுதான் சொன்னாங்க. நான்தான் ஆசையில அள்ளி வெச்சுட்டேன்" என்றாள்.

அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தப்பு கலையில் இல்லை, அளவில்!

இனிப்பைத் தட்டில் அலங்கரிப்பது புதுசு இல்லை. 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையல் கலைஞர் எஸ்கோஃபியே, நெல்லி மெல்பா என்ற ஆஸ்திரேலியப் பாடகிக்காக, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவையின் சிறகுகளுக்கு நடுவே வெனிலா ஐஸ்கிரீமும் பீச் பழமும் வைத்துக் கொடுத்தார். 'பீச் மெல்பா' பிறந்த கதை அது. அலங்காரம் ஆளுயரம் இருந்தாலும், சாப்பிடுகிற பொருள் பழமும் ஐஸ்கிரீமும்தான். பின்னால் ராஸ்பெரி பழக்கூழும் சேர்ந்துகொண்டது.

நம்மூர் மட்டும் என்ன குறைச்சல்? தலைவாழை இலையில் உப்புக்கு ஓர் இடம், ஊறுகாய்க்கு ஓர் இடம், ஓரத்தில் ஒரே ஒரு கரண்டி பாயசம். அதுவும் ப்ளேட்டிங்தானே! பெரிய இலை, சின்ன இனிப்பு. அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, இன்று கல்யாண வீடுகளில் ஐஸ்கிரீம் மேல் ஜிலேபி, ஜிலேபி மேல் சாக்லேட் சாஸ் என்று அடுக்குகிறோமே, இதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். அன்று எங்கள் தட்டில் இருந்ததைத் தோராயமாகச் சொன்னால், பிரௌனியில் 5 ஸ்பூன், ஐஸ்கிரீமில் 3, ஜாமூனில் 4, சாஸில் 2. ஆக 14 ஸ்பூன், 56 கிராம்! சர்க்கரை வலையை நான் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன கணக்குப்படி, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. காபி, டீயில் போட்டதும் இதில் அடக்கம்!

ஐ.சி.எம்.ஆர். உதவியோடு நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது இந்தக் கணக்கில் இருப்பார்.

இன்னொரு விஷயம். அலங்காரத்துக்கென்று வைக்கிற பொருளும் வயிற்றுக்குப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். 2018ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பளபளப்புப் பொடி பூசிய பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். அந்தப் பொடியில் இருந்தது செம்பு! பாக்கெட்டில் 'விஷமற்றது' என்று போட்டிருந்தால் போதாது. உண்ணத் தகுந்தது என்று போட்டிருக்கிறதா, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அழகாக இருக்கிறதே என்று தோட்டத்து அரளிப்பூவைத் தட்டில் வைத்துவிடாதீர்கள். அது விஷம். புகை வருகிற ஐஸ்கிரீம், பிஸ்கட் என்று குழந்தைகள் கேட்டால் கண்டிப்பாக 'நோ' சொல்லுங்கள். அதற்குப் பயன்படும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சி. முழுக்க ஆவியாகும் முன்பே விழுங்கினால் தொண்டையும் வயிறும் புண்ணாகும், வயிற்றில் ஓட்டையே விழலாம். இதைப் பற்றித் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும் 2024ல் எச்சரித்தது.

"அப்போ இனிப்பே கூடாதா?" என்று கேட்காதீர்கள். அப்படிச் சொல்கிற கட்சி நான் இல்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது பெரியவரை மட்டும் ஒதுக்கி உட்கார வைப்பது கொடுமை. அப்படித் தடுத்தால், யாரும் பார்க்காதபோது டப்பாவைத் திறப்பார்கள்!

எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "கொஞ்சமா, சாப்பாட்டோட சேர்த்து, அன்னைக்கு சாதத்தைக் குறைச்சுக்கிட்டு சாப்பிடட்டும். ஆனா மாத்திரையை நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க" என்றார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் மகள் மறுபடி வந்தாள். அதே வெள்ளைத் தட்டுகள். துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரில் ஏலக்காய்ப் பொடி கலந்து, இரண்டு ஸ்பூனால் உருட்டி, முட்டை வடிவத்தில் ஓர் உருண்டை. பக்கத்தில் மூன்று துண்டு கொய்யா, பத்துப் பதினைந்து மாதுளை முத்து, பொடித்த வறுத்த வேர்க்கடலை. மேலே அரை ஸ்பூன் கருப்பட்டிப் பாகை ஒரே கோடாக இழுத்துவிட்டு, ஒரு புதினா இலையைச் செருகினாள். (கருப்பட்டி, தேன் என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைக்காதீர்கள். அதுவும் ஏற்றும். அதனால்தான் அரை ஸ்பூன்!) தட்டின் மீதி இடம் பூரா காலி.

எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டு. தாத்தாவுக்கென்று தனித் தட்டு இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாமனார் சின்ன ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கால் மணி நேரம் ரசித்துச் சாப்பிட்டார். முடித்துவிட்டுப் பேத்தியிடம், "அன்னைக்கு மாதிரியே இருக்கும்மா. ஆனா இன்னைக்கு உங்க அத்தை முறைக்கலை" என்றார்.

அடுத்த முறை விருந்து வைக்கும்போது பெரிய தட்டை எடுங்கள். ஆசை தீர அலங்காரம் செய்யுங்கள். இனிப்பை மட்டும் நாலு வாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!