கவுன்சலர் கூப்பிட்டால் பயம் எதற்கு?



பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அதிலும் "கவுன்சலர் உங்களப் பாக்கணுமாம்" என்றால் கேட்கவே வேண்டாம். "எம் புள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று சண்டைக்குக் கிளம்பிவிடுவோம்.

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் இப்படி எத்தனை வீடுகள்! அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா விடிகாலையிலேயே களையெடுக்கப் போய்விடுவார். வீட்டில் ஆயாவும் ஒன்பதாவது படிக்கிற பையனும்தான். அவன் வகுப்பில் தூங்கி வழிகிறான். டீச்சர் கண்ணுக்கு அது திமிர்.

கவுன்சலர் கேட்பதே வேறு. ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே? காலையில என்ன சாப்பிட்டே? (அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு சரி.) அப்பா கடைசியா எப்போ பேசினார்? கொஞ்ச நேரத்தில் செல்போன், பசி, ஏக்கம் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பிறகு அம்மாவை வரச் சொல்வார், திட்டுவதற்கு அல்ல. ராத்திரியில் போன் ஆயா தலைமாட்டில் இருக்கட்டும், அப்பாவை ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கை இவனிடம் பேசாதீர்கள். பல நேரம் இவ்வளவுதான் வைத்தியம். அதற்கும் மேல் போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்வார். காய்ச்சலுக்குப் போகிறோம், இதற்குப் போக என்ன வெட்கம்?

ஆனால் இப்படி உட்கார்ந்து கேட்க எத்தனை பள்ளிகளில் ஆள் இருக்கிறது? கணக்கு டீச்சரே இதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது சரிப்படாது. மார்க் போடுகிறவரிடம் பிள்ளை மனசைத் திறக்குமா?

2022 ஜூலையில் பக்கத்து மாவட்டத்துக் கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்தபோது எல்லோரும் கொதித்தோம். கொதிப்பு அடங்கியதும் இந்தக் கேள்வியை மறந்துவிட்டோம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும். சின்னப் பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும்.

அவசரத்துக்கு, மாணவர் உதவிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கின்றன. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் நம்பர் ஆளுக்கு ஈடாகாது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டத்தில், "நம்ம பள்ளிக்குக் கவுன்சலர் எப்போ வருவார்?" என்று கேளுங்கள். கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் சொல்லுங்கள்.


ஆசிரியர்