வாங்குபவர்களும் கூடிப் பேசட்டும்



சென்ற மாதம் இப்பகுதியில் வீட்டு வரவு செலவுக் கணக்கை எழுதி வைப்பது பற்றிப் பேசினோம். அதைப் படித்த வாசகி ஒருவர், "கணக்கெல்லாம் ஒழுங்காக எழுதுகிறோம் அக்கா. ஆனால் சங்கத்துக்கு ஏதாவது வாங்கப் போனால்தான் சண்டை தொடங்குகிறது. யார் வாங்கினாலும் கமிஷன் அடித்துவிட்டாள் என்று கதை கட்டுகிறார்கள். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

அவர் கேட்டது சின்ன விடயமல்ல. பத்துத் தையல் இயந்திரம் வாங்கப் போய் இரண்டாகப் பிரிந்த மாதர் சங்கங்களை நான் அறிவேன். பணம் போனால் சம்பாதிக்கலாம். பெயர் போனால் அந்தப் பெண் மறுபடி பொது வேலைக்கு வருவாளா? எனவே இம்மாதம் வாங்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம்.

நான் பல வருடங்கள் கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கொள்வனவுப் பிரிவில் வேலை செய்தவள். நூல், பொத்தான், சிப், பொலித்தீன் பை, அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் விலை கேட்டு, ஓடர் கொடுத்து, நேரத்துக்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. விற்க வருபவர்கள் பயிற்சி பெற்றவர்கள். எந்தத் தொழிற்சாலை என்ன விலைக்கு வாங்குகிறது, எங்கே இருப்புக் குறைந்திருக்கிறது என்று அவர்களுக்கு எல்லாம் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் தனித்தனி ஆட்கள்.

ஒருமுறை சிப் வழங்கும் ஒரு நிறுவனம் இரண்டு வாரம் தாமதித்தது. வந்த சிப்பிலும் பாதி பல் கழன்றது. தையல் வரிசையில் இருந்த நாற்பது பிள்ளைகள் வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாத ஊக்கக் கொடுப்பனவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு பஸ் தரிப்பிடத்தில் அடுத்த தெருத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சகோதரியைச் சந்தித்தபோது, "ஐயோ, எங்களுக்கும் போன வருடம் அவர்கள் அதைத்தானே செய்தார்கள்!" என்றார். இந்த ஒரு வசனம் இரண்டு மாதத்துக்கு முன்பு என் காதில் விழுந்திருந்தால் நாற்பது குடும்பங்களுக்கு நட்டம் வந்திராது.

பஸ் தரிப்பிடத்தில் தற்செயலாக நடந்த அந்தப் பேச்சை ஒழுங்காக, மாதந்தோறும், ஒரு மண்டபத்தில் நடத்தினால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு மேலாக அதைத்தான் செய்து வருகிறார்கள்.

ஊர்க் கிளைகளில் தொடங்கிய சங்கம்

1900களின் தொடக்கத்தில் அங்கே கொள்வனவு அலுவலர் என்றால் யாரும் பெரிதாக மதிக்கமாட்டார்கள். விலைச்சிட்டையைப் பார்த்து ஓடர் எழுதும் லிகிதர் என்றே நினைத்தார்கள். அந்தக் காலத்தில்தான் 1904ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் சில கொள்வனவு அலுவலர்கள் சேர்ந்து ஓர் ஊர்ச் சங்கம் அமைத்தார்கள். 1913இல் நியூயோர்க் நகரிலும் ஒன்று தோன்றியது. 1915இல் தேசிய கொள்வனவு முகவர்கள் சங்கம் பிறந்தது. 1968இல் அதன் பெயரில் 'முகவர்கள்' என்பது போய் 'முகாமைத்துவம்' என்ற சொல் வந்தது. 2002 முதல் அது வழங்கல் முகாமைத்துவ நிறுவகம் எனப்படுகிறது. அதன் தலைமையகம் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதலில் தலைமையகம் கட்டிப் பிறகு கிளை திறக்கவில்லை. ஊரில் பத்துப் பேர் கூடியதுதான் முதலில் நடந்தது. தேசியச் சங்கம் பிறகுதான் வந்தது.

அந்த ஊர்க் கிளைகளில் என்ன நடக்கிறது? கேட்டால் நமது மாதர் சங்கம் போலத்தான் இருக்கிறது என்பீர்கள். மாதம் ஒருமுறை வேலை முடிந்த பின் மாலையில் கூடுவார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் ஒரு விடயம் பற்றிப் பேசுவார்: கப்பல் கட்டணம் ஏன் கூடுகிறது, ஒப்பந்தத்தில் எந்த வாசகம் இல்லாவிட்டால் ஆபத்து, இப்படி. சில மாதங்களில் கூட்டத்துக்குப் பதிலாக ஒரு தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்து வருவார்கள். அட்டைப்பெட்டி எப்படிச் செய்யப்படுகிறது என்று கண்ணால் கண்டவரை அட்டைப்பெட்டி விற்பவர் ஏமாற்ற முடியாதல்லவா?

1974இல் தேசியச் சங்கம் ஒரு தகைமைப் பரீட்சையைத் தொடங்கியது. அதற்குப் படித்தவர்களுக்கு மூத்த அங்கத்தவர்கள் வகுப்பு எடுத்தார்கள். மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் கிளைகளும் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் அங்கத்தவர்களிடையே தெரிவானவர்கள். தங்கள் வேலை நேரம் போகத் தொண்டாகச் செய்பவர்கள்.

அங்கே கட்டாயமான ஓர் எல்லையும் உண்டு. போட்டிக் கம்பனிகளில் வேலை செய்பவர்கள் ஒரே மேசையில் இருப்பதால், "நாமெல்லோரும் இந்த விலைக்கு மேல் கொடுக்கக்கூடாது" என்று பேசிவைத்தால் அது போட்டிச் சட்டத்தை மீறிய குற்றமாகிவிடும். அமெரிக்காவில் 1890இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே இரகசிய விலையைப் பேசக்கூடாது, முறையைப் பேசலாம். எப்படி விலை கோருவது, தரத்தை எப்படிச் சோதிப்பது, தாமதத்தை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் பொது அறிவு. அதைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் நன்மை.

அன்பளிப்பு என்ற பெயரில்

இந்தச் சங்கம் ஆரம்பம் முதலே கவனம் செலுத்திய இன்னொரு விடயம் தொழில் ஒழுக்கம். வாங்கும் வேலையில் இருப்பவருக்கு வரும் சோதனை எங்கும் ஒன்றுதான். எங்கள் காரியாலயத்திலும் தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு என்றால் பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். "மிஸ், இது உங்களுக்கில்லை, பிள்ளைகளுக்கு" என்பார்கள். பிள்ளையின் பெயரைச் சொன்னால் தாய் மறுக்கமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பிரிவின் மூத்த அம்மா ஒருவர் எல்லாப் பெட்டியையும் பொது மேசையில் வைக்கச் சொல்வார். கொடுத்தவர் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டு, பொருளைச் சாப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடுவார். அன்பளிப்பு எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அதன் பலம் போய்விடும் என்பது அவர் கண்ட வழி.

தனியே இருப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்வது கஷ்டம். "எங்கள் சங்கத்தின் விதி அனுமதிக்காது" என்று சொல்வது எளிது. விதியும் அதைச் சேர்ந்து எடுத்தவர்களும் பின்னால் இருப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

வாங்குபவர் சொன்ன சேதி

கூடிப் பேசியதன் பலன் சங்கத்துக்குள் மட்டும் நிற்கவில்லை. 1931இல் இருந்து அமெரிக்கச் சங்கம் தன் அங்கத்தவர்களிடம் மாதந்தோறும் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டு வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நான்கு வருடம் மட்டும் அது நின்றது. கேள்வி மிக எளிது. சென்ற மாதத்தைவிட ஓடர் கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா? உற்பத்தி எப்படி? ஆட்களைச் சேர்த்தீர்களா? வழங்குநர் நேரத்துக்குத் தருகிறாரா? இருப்பு எவ்வளவு?

பதில்களிலிருந்து ஓர் எண் கணிக்கப்படுகிறது. நூறு பேரில் 40 பேர் 'கூடியது' என்கிறார்கள், 30 பேர் 'அப்படியே' என்கிறார்கள், 30 பேர் 'குறைந்தது' என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடியது என்ற 40ஐ முழுதாக எடுத்து, அப்படியே என்ற 30இல் பாதியான 15ஐச் சேர்த்தால் 55. ஐம்பதுக்கு மேல் என்றால் தொழில் வளர்கிறது, கீழே என்றால் சுருங்குகிறது. நியூயோர்க், சிக்காகோ, மில்வோக்கி, ஹூஸ்டன் போன்ற நகரக் கிளைகள் தத்தம் ஊருக்கெனவும் இப்படிக் கணித்திருக்கின்றன.

செய்தியில் 'கொள்வனவு முகாமையாளர் சுட்டெண்' என்று கேட்டிருப்பீர்கள். அது இந்த வழியில் வந்ததுதான். இலங்கை மத்திய வங்கி 2015இல் இருந்து மாதந்தோறும் அதை வெளியிடுகிறது. ஏப்ரல் மாதத்தில் அது வழக்கமாக இறங்கும். புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடப்படுவதே காரணம். 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது உற்பத்தித்துறைச் சுட்டெண் 30ஐயும் விடக் கீழே போனது.

இந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வழங்குநர் தாமதித்தால் சுட்டெண் உயரும்! ஓடர் குவிந்து வழங்குநர் திணறுகிறார், அதனால் தொழில் நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பாதை மூடியதால் தாமதம் வந்தாலும் அதே கணக்குத்தான். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் காரணத்தையும் கேட்க வேண்டும்.

சாமான் வாங்கும் மேசையில் இருப்பவருக்கு நாட்டில் என்ன நடக்கப்போகிறது என்பது முதலே தெரியும். உங்களுக்கும் தெரியும். கடையில் பால்மா பெட்டி குறையத் தொடங்கும்போது தட்டுப்பாடு வரப்போகிறது என்று முதலில் உணர்பவள் வீட்டுப் பெண்தானே? அவளிடம் யாரும் கேட்டு எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

நமது சங்கங்களுக்கு

இப்போது கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன். தொழில்முறைக் கொள்வனவாளர் கைக்கொள்ளும் வழிகளில் நமக்கு ஏற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கடைக்குப் போகுமுன் தேவையை எழுதுங்கள். என்ன பொருள், எத்தனை, என்ன தரம், எப்போது வேண்டும், உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். கடையில் நின்று முடிவு செய்தால் அது கடைக்காரரின் முடிவாகிவிடும்.

இரண்டாவது, மூன்று கடைகளில் எழுத்தில் விலை கோருங்கள். ஒட்டிய உறையில் வாங்கி, குறைந்தது மூன்று அங்கத்தவர் முன்னிலையில் ஒரே நேரத்தில் திறந்து, கூட்டக் குறிப்பில் பதியுங்கள். குறைந்த விலையைத் தெரிவு செய்யாவிட்டால் காரணத்தையும் எழுதுங்கள்.

மூன்றாவது, விற்பவர் அங்கத்தவர் ஒருவரின் உறவினர் என்றால் அவர் அதை முதலே சொல்லிவிட்டு அந்தத் தீர்மானத்தில் கலந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். நமது ஊர்களில் எல்லோரும் சொந்தக்காரர்தான். உறவு குற்றமில்லை, மறைப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கும்.

நான்காவது, தெரிவு செய்பவர், பொருளை எண்ணிப் பொறுப்பேற்பவர், பணம் கொடுப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். இது அவர்களை நம்பாததால் அல்ல. நாளை யாரும் அவர்கள்மேல் விரல் நீட்டாமல் காப்பதற்காக.

ஐந்தாவது, கடைக்காரர் தரும் கழிவு, அன்பளிப்பு எதுவானாலும் சங்கத்தின் கணக்குக்கே சேர வேண்டும். பற்றுச்சீட்டில் அது தெரிய வேண்டும்.

ஆறாவதுதான் முக்கியம். பக்கத்துக் கிராமத்துச் சங்கங்களோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடுங்கள். யார் நேரத்துக்குத் தந்தார், யாருடைய இயந்திரம் ஆறு மாதத்தில் பழுதானது, யார் திருத்திக் கொடுக்க வரவில்லை என்று பேசுங்கள். விரும்பினால் சேர்ந்து மொத்தமாக வாங்குங்கள். பத்து இயந்திரத்துக்குக் கிடைக்காத விலை ஐம்பதுக்குக் கிடைக்கும்.

பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி யோசிக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. இது இன்று முறையாகப் படித்து முன்னேறக்கூடிய தொழில். பிரித்தானியாவில் 1932இல் தொடங்கிய கொள்வனவு அலுவலர் சங்கத்தின் வழிவந்த பட்டய நிறுவகத்தின் பரீட்சைகளுக்கு இலங்கையிலிருந்தே தோற்றலாம். நமது நாட்டிலும் இத்துறையினருக்கான நிறுவகம் பல வருடங்களாக இயங்கிவருகிறது. பேரம் பேசத் தெரிந்த, கணக்கில் கெட்டிக்காரியான உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

விற்பவர்கள் எப்போதும் கூடிப் பேசுகிறார்கள். வாங்கும் நாம்தான் தனித்தனியே நின்று, பிறகு ஒருவரையொருவர் சந்தேகிக்கிறோம். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த ஆறு வழிகளையும் வாசித்துப் பாருங்கள். எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று எனக்கு எழுதுங்கள். மற்றச் சகோதரிகளும் அறியட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.