டெனிஸ் பந்தயமும் நலநிதிக் கடனும்

எமது நலநிதிக் கடன் விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் 'வீட்டுச் செலவு' என்றே எழுதப்படுகிறது. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஹிங்குராணைக் கரும்பு வேலைக்குப் போகும் இளைஞர் சிலரிடம் விசாரித்தபோது, அந்தச் செலவு கைபேசியில் டெனிஸ் பந்தயம் கட்டிப் பட்ட கடன் என்று தெரியவந்தது. ஹராமான கடனை அடைக்கத் தொழிலாளர் சந்தாப் பணமா என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கடன் கொடுக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

மலையக நகரங்களில் புக்கிக் கடை புதிதல்ல. இங்கிலாந்துக் குதிரைகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்லும் தோழர்களை நாம் அறிவோம். கரையோர முஸ்லிம் ஊர்களில் அப்படியொரு கடைக்குள் நுழைபவனை ஊரே பார்க்கும். ஜும்ஆ முடிவதற்குள் வாப்பாவின் காதுக்கு எட்டிவிடும். கைபேசியை யாரும் பார்ப்பதில்லை. உலகின் ஏதோவொரு மூலையில் எந்நேரமும் டெனிஸ் நடப்பதால், நாம் தூங்கும் நேரத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் பணம் கட்டலாம்.

இந்த இளைஞர்கள் சோம்பேறிகளல்லர். களிமண் தரையில் யார் வெல்வார், புல்தரையில் யார் தடுமாறுவார், இருவரும் முன்பு மோதியபோது என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இது சூதல்ல, ஆய்வு என்கிறார்கள். இந்த உழைப்பில் பாதியைச் சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பதில் காட்டினால் எமது கிளைக் காரியதரிசிக்கு வேலை குறையும்!

ஆனால் அவர்கள் தேடிப் பிடிக்கும் தகவல் எல்லாம் நிறுவனம் போடும் விலைக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. சமபலமுள்ள இருவர் ஆடும்போது 100 ரூபாவுக்கு 190 தருவதாகச் சொல்வார்கள். இரு பக்கமும் ஆளுக்கு 100 கட்டினால் வருவது 200, திரும்புவது 190. 10 ரூபா நிறுவனத்துக்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளமான 1,350 ரூபாவை இப்படி இருபது முறை சுழற்றினால், சராசரியாகக் கையில் மிஞ்சுவது 484 ரூபாதான்.

நேரத்திலும் அவர்களே முந்திவிடுகிறார்கள். நடுவர் தன் கருவியில் புள்ளியைப் பதிந்தவுடன் அந்தத் தரவை வாங்கிய நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். நம்மவர் பார்க்கும் காட்சி சில விநாடிகள் பிந்தியே வரும். அந்த விநாடிகளின் பெறுமதி தெரிந்துதான், மைதானத்திலிருந்து முடிவை முந்தி அனுப்ப ஆட்களை நிறுத்துகிறார்கள். 2014 ஜனவரியில் மெல்பேர்னில் உடைக்குள் மறைத்த கருவியுடன் ஒருவர் பிடிபட்டார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டமே விலைபோயிருக்கலாம். கிரிகோர் சர்க்சியன் என்பவர் 180க்கும் மேற்பட்ட வீரர்களை வளைத்துப்போட்ட வழக்கில் 2023இல் பெல்ஜிய நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது. விலைபோனவர்களில் பெரும்பாலோர் கீழ்மட்டப் போட்டிக்காரர்கள். அங்கே முதல் சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பது 150 டொலர் சொச்சம்; விமானச் சீட்டும் அறை வாடகையும் அவரது சொந்தச் செலவு. பயிற்றுநர் கூலியைச் சேர்க்காமலே, செலவை ஈடுகட்டும் அளவுக்கு உழைப்பவர்கள் உலகில் 250 முதல் 350 பேர் மட்டுமே என்று 2018இல் டெனிஸின் சுயாதீன மீளாய்வுக் குழு கண்டது. ஒரு தொழிற்சங்கத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கூலி போதாத ஒருவர் அங்கே தோற்பதற்குப் பணம் வாங்குகிறார். கூலி போதாத இன்னொருவர் இங்கே அவர் வெல்வார் என்று பணம் கட்டுகிறார்.

ஆட்டத்தை விற்பதை இலங்கை 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் குற்றமாக்கியது. பத்து வருடம் வரை சிறை உண்டு. 2025 ஆகஸ்டில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது. அனுமதிப்பத்திரமும் வரியும் மட்டும் போதாது. சம்பள நாளில் கைபேசிக்கு வரும் 'இலவச' ஆரம்பப் பணச் செய்திகளைத் தடுக்கும்படியும் அச்சபையிடம் நாம் கேட்கிறோம்.

இனி கடன் விடயம். ஓர் உறுப்பினருக்கு இக்காரணத்துக்காக ஒரு முறை மட்டுமே கொடுக்கலாம். பணம் அவர் கைக்குப் போகாமல், உம்மாவின் அல்லது மனைவியின் சம்மதத்தோடு கடன் கொடுத்தவருக்கு நேரே போகட்டும். மற்றவரின் அடையாள அட்டையில் பந்தயக் கணக்குத் திறந்தவர் அதை மூடிய பின்னரே விண்ணப்பிக்கலாம். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். குழுவில் விண்ணப்பங்கள் பெயர் சொல்லாமலே வாசிக்கப்படும்.