துப்பாக்கியின் கழுத்தைச் சுருக்குவதா, விரிப்பதா?

44-க்கு 43!

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி, பிரான்சு நாட்டில் ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. மகேஸ்வரி சவுகான் என்ற பெண்ணும், அனந்த்ஜீத் சிங் நரூகா என்ற வாலிபரும் இந்தியாவுக்காக ஜோடியாகச் சுட்டார்கள். எதிரே சீன ஜோடி. சீனர்கள் 44 தட்டுகளை உடைத்தார்கள். நம்மவர்கள் உடைத்தது 43. வெண்கலப் பதக்கம் கைநழுவிப் போயிற்று.

ஒரே ஒரு தட்டு! அதன் அகலம் 11 சென்டிமீட்டர். நம் வீட்டு டவராவின் வாய் அளவுதான் இருக்கும். எடை 105 கிராம். "மண் தட்டு" என்று பெயரே தவிர, அதில் மண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து அச்சில் வார்ப்பார்கள். இயந்திரம் அதை வானத்தில் வீசும். பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும்.

அன்று அந்தத் தட்டுகள் ஏன் தப்பின என்று வெளியில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. கண் தவறும், கை தவறும். ஆனால் இந்த விளையாட்டில், மைதானத்துக்குள் கால் வைக்கும் முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். துப்பாக்கிக் குழலின் வாய் எவ்வளவு சுருங்கி இருக்கலாம்? அந்தக் கேள்வி இப்போது சர்க்கார்கள் வரை போயிருக்கிறது.

சோக் என்பது என்ன?

இந்தத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு கிடையாது. தோட்டாவுக்குள் சின்னஞ்சிறு ரவைகள் இருக்கும். ஒலிம்பிக் விதிப்படி 24 கிராம் ரவை போடலாம். 2.4 மில்லி மீட்டர் ரவையானால் சுமார் 300 இருக்கும். 2 மில்லி மீட்டர் ரவையானால் 500-ஐத் தாண்டும். விசையை இழுத்ததும் இவை கூட்டமாகப் புறப்பட்டு, போகப் போக விரியும்.

குழலின் நுனியில் உள்ள சுருக்கத்துக்குச் "சோக்" என்று பெயர். "முழுச் சோக்" என்றால் சுருக்கம் சுமார் 1 மில்லி மீட்டர். "அரைச் சோக்" என்றால் அதில் பாதி. இந்தக் கடுகளவு வித்தியாசம் என்ன செய்யும் தெரியுமா?

20 கெஜ தூரத்தில், முழுச் சோக் குழலிலிருந்து வரும் ரவைக் கூட்டம் சுமார் 16 அங்குல அகலம் இருக்கும். சோக்கே இல்லாத குழலானால் அது இரண்டு மடங்கு. சுருக்கினால் ரவை வேகமாகப் பாயும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேகத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. விரிவதுதான் குறைகிறது.

அப்படியானால் அகலமாக விரிவதே நல்லதல்லவா? கிட்டத்தில் நல்லது. தூரத்தில் அதுவே வினை. அதிகம் விரிந்தால் ரவைக்கும் ரவைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். தட்டு அதற்குள் புகுந்து, ஒரு கீறலும் படாமல் போய்விடும்.

இரண்டு பந்தயம், இரண்டு கழுத்து

மகேஸ்வரி ஜோடி சுட்டது "ஸ்கீட்" பந்தயம். இதில் இரண்டு பக்கமும் இரண்டு கூண்டுகள். தட்டுகள் குறுக்கே பாயும். எந்த வழியில் வரும் என்பது முன்பே தெரியும். 20 கெஜத்துக்குப் பக்கத்திலேயே சுட்டுவிடலாம். ஆகவே ஸ்கீட் வீரர்கள் குழலை விரிவாகவே வைத்திருப்பார்கள். சுருக்கம் இருந்தாலும் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

"ட்ராப்" அப்படியல்ல. 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து தட்டு கிளம்பி, ஆளை விட்டு விலகி ஓடும். வலமா இடமா என்பது தெரியாது. விட்டால் 76 மீட்டர் வரை போகும். சுடும்போது 30, 35 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இரண்டாவது வெடிக்கு இன்னும் தூரம். அதனால் முதல் குழலில் அரைச் சோக்கோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். இரண்டாவது குழலில் முழுச் சோக்.

நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் சுடுவது இந்த ட்ராப் பந்தயம்தான். 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் அவரும் ஒருவர். பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். முதல் சுற்றுகளில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி உண்டு. இறுதிச் சுற்றில் ஒன்றே ஒன்று! தப்பினால் தப்பியதுதான்.

ஈயத்துக்கு வந்த ஆபத்து

இந்தக் கணக்கெல்லாம் ஈய ரவைக்குப் போட்ட கணக்கு. இப்போது ஈயத்துக்கே தடை வருகிறது.

காரணம் பறவைகள். வாத்து முதலிய பறவைகள், இரை செரிப்பதற்காகப் பொடிக் கற்களை விழுங்கும். கல் என்று எண்ணி ஈய ரவையையும் விழுங்கிவிடும். ஈயம் விஷம்; பறவை செத்துப் போகும். டென்மார்க் 1996-லேயே ஈய ரவையைத் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில், 2023 பிப்ரவரியிலிருந்து நீர்நிலைகளிலும் அவற்றின் அருகிலும் ஈய ரவை சுடக் கூடாது. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்காரும் தடையை அறிவித்தது. மாறிக்கொள்ள 3 ஆண்டு அவகாசம்.

ஈயம் போனால் என்ன? இரும்பு ரவை இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

ஈயம் மிருது. சுருங்கிய வாயில் நசுங்கி வெளியேறும். இரும்பு நசுங்காது. முழுச் சோக் உள்ள பழைய குழலில் போட்டுச் சுட்டால், குழலின் நுனி வளையம் போல வீங்கிவிடக்கூடும். இரும்பு ரவைக்கு அரைச் சோக்குக்கு மேல் வேண்டாம் என்பது துப்பாக்கி நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் யோசனை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நசுங்காத ரவை நேராகப் போகும், சிதறாது. ஆகவே அரைச் சோக்கிலேயே இரும்பு ரவை, முழுச் சோக் ஈயம் போலக் கூட்டமாகப் போய்ச் சேரும். ஆனால் இரும்பு கனம் குறைந்தது. தூரம் போகப் போக வேகம் தளரும். அதை ஈடுகட்டப் பெரிய ரவையாகப் போட வேண்டும்.

புதுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. அதன் நுனியில் திருகும் சிறு குழாய் இருக்கும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் தீர்ந்தது. அப்பா, தாத்தா காலத்துத் துப்பாக்கியை வைத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம். நுனியைக் கடைந்து விரிவாக்கலாம். ஆனால் கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. எல்லாக் குழலும் இரும்பு ரவையைத் தாங்கும் என்றும் சொல்ல முடியாது. மூன்று ஆண்டு அவகாசம் சர்க்காருக்குப் போதும். பழைய துப்பாக்கிக்காரருக்குப் போதுமா என்பது சந்தேகமே.

காகிதம் சொல்லும்

சோக்கில் பொறித்த பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே பெயருள்ள இரண்டு குழல்கள் வேறு வேறாகச் சுடும். தோட்டா மாறினாலும் விரிவு மாறும். பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 40 கெஜ தூரத்தில் பெரிய காகிதத்தை நிறுத்திச் சுட வேண்டும். ரவைகள் நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே விழுந்த ஓட்டைகளை எண்ண வேண்டும். நூற்றுக்கு 70 விழுந்தால் முழுச் சோக். 60 விழுந்தால் அரைச் சோக். 40 என்றால் சோக்கே இல்லை என்று கணக்கு.

ஒரு வெடி போதாது. பல முறை சுட்டுச் சராசரி பார்க்க வேண்டும். ஈயத்தைக் கைவிடும் நாடுகளில், சுடுபவர்கள் இந்த எண்ணிக்கையை இரும்பு ரவை கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.