உங்களுக்குத் தெரிந்தது கம்பெனிக்கு வெளியே செல்லுமா?



லேஆஃப் பற்றிய எபிசோடு வெளியான பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இப்ப எதைப் படிக்கணும்?" சிலர் விடைகளையும் அவர்களே வரிசைப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். ரஸ்ட்டா, கோவா? ஏஜென்ட் உருவாக்கக் கற்றுக்கொள்வதா, இல்லை கிளவுட் சர்டிஃபிகேட் ஒன்று எடுத்து வைப்பதா? மைக் முன்னால் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிகிற பதில் இல்லை இது. அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க இதற்கே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த டெக்னாலஜி பழசாகிவிட்டதே என்று பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது வேறு ஒன்று. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, இப்போது வேலை பார்க்கும் அந்த ஒரு கம்பெனிக்குள் மட்டும்தான் செல்லும்.

முதலில் அந்தப் 'பழசு' பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கோபால் (நம்ம ஊர் கோபால் இல்லை) 1959-ல் உருவாகத் தொடங்கிய மொழி. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து அரசுக் கணினிகள் திணறியபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர்கள் முன்னால் நின்று, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். எஸ்க்யூஎல் 1974-ல் ஐபிஎம்மில் பிறந்தது; ஐம்பது வருஷம் தாண்டியும் அது தெரியாமல் ஒரு பேக்எண்ட் வேலைக்குப் போக முடியுமா? ஜாவா 8 (2014) வரைக்கும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்ட ஒருவர், ஜாவா 21-க்கு (2023) வந்து சேர சில வார உழைப்பு போதும். ரெக்கார்டு, பேட்டர்ன் மேட்சிங், வெர்ச்சுவல் த்ரெட் என்று உட்கார்ந்து பழகிவிடலாம். அது ஒரு மலை இல்லை.

நிஜமாகவே செத்துப்போன டெக்னாலஜியும் உண்டு, மறுக்கவில்லை. அடோபி ஃப்ளாஷை 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்தியது. ஆனால் ஃப்ளாஷுக்குள் இருந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் பிரவுசரில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே எக்மாஸ்கிரிப்ட் குடும்பம். மொழியைப் புரிந்து எழுதியவருக்குப் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்த மாதிரி. எந்த மெனுவில் எந்த பட்டன் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தவருக்குத்தான் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். ஒரு பெரிய நிறுவனத்தில் ஐந்தாறு வருஷம் இருந்தவருக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டெப்ளாய் பண்ண எந்த போர்ட்டலில் எந்த பட்டனை அழுத்துவது. எந்தக் கான்ஃபிக் ஃபைலை மாற்றினால் எந்த டீமிடம் அப்ரூவல் வாங்கணும். பிளாட்ஃபார்ம் டீம் எழுதிய லைப்ரரியில் எந்த ஃபங்ஷன் எதற்கு. எந்தப் பழைய சர்வீஸைத் தொட்டால் மாதக் கடைசியில் எந்த ரிப்போர்ட் உடையும். அது மதிப்பில்லாத அறிவு என்று நான் சொல்லவே மாட்டேன். அதை வைத்துத்தான் ப்ரமோஷன் வருகிறது, அதனால்தான் மேனேஜர் நம்மைத் தேடுகிறார். ஆனால் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம் அது எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

என் நண்பர் ஒருவர். எட்டு வருஷம் ஒரே நிறுவனம், நல்ல பெயர். ரெஸ்யூமேயில் கேஃப்கா என்று போட்டிருந்தார். பொய் இல்லை, தினமும் அவர் சர்வீஸ் லட்சக்கணக்கான மெசேஜ்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பிராக்டிஸுக்காக ஒரு ஞாயிறு நான் இன்டர்வியூ எடுப்பவராக உட்கார்ந்தேன். "ஒரே கஸ்டமரோட ரெண்டு மெசேஜ் வரிசை மாறாம போய்ச் சேரணும். எப்படி உறுதி பண்ணுவீங்க?" அமைதி. "கன்ஸ்யூமர் பாதியில் விழுந்து மறுபடி எழுந்தா, அதே மெசேஜ் ரெண்டாவது தடவை வருமா?" அதற்கும் அமைதி. பிறகு அவரே சொன்னார்: "எங்க லைப்ரரியில ஒரு பப்ளிஷ் ஃபங்ஷன் இருக்கு, அதைக் கூப்பிடுவோம். மீதி எல்லாம் பிளாட்ஃபார்ம் டீம் பார்த்துக்கும்."

கேஃப்காவில் வரிசை உறுதி என்பது ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான். அதனால் கஸ்டமர் எண்ணைக் கீயாக வைத்தால் அவருடைய மெசேஜ்கள் எல்லாம் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும். கன்ஸ்யூமர், ஆஃப்செட்டைப் பதிவு செய்வதற்கு முன் விழுந்தால், அதே மெசேஜ் திரும்ப வரும். எனவே இரண்டு முறை வந்தாலும் பணம் இரண்டு முறை கழியாதபடி நம் கோடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இரண்டு மூன்று சாயங்காலத்தில் படித்துவிடக்கூடிய விஷயம். அவர் எட்டு வருஷம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார், கீழே குனிந்து பார்க்க ஒரு காரணமும் வரவில்லை. அவருடைய புத்திசாலித்தனத்தில் குறை இல்லை. நல்ல பிளாட்ஃபார்ம் டீம் என்பதே, மற்றவர்கள் குனிந்து பார்க்கத் தேவையில்லாமல் செய்வதுதானே!

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இது இரண்டு மடங்கு கடிக்கும். அமெரிக்காவில் எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். காலண்டர் நாள், அதாவது சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்த்து. அதற்குள் புது நிறுவனம் நமக்காக மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் பொதுவாகக் கிடைப்பது இன்னும் குறைவு, 30 நாள். ஒரு நிறுவனத்தில் ரெக்ரூட்டர் பேசி, கோடிங் ரவுண்டு முடிந்து, மேனேஜர் ரவுண்டு முடிந்து, ஆஃபர் கைக்கு வரவே ஒரு மாதம் ஓடிவிடும். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட இங்கே நேரம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம்மை ஒரே கம்பெனியில் கட்டிப்போடுவதும் அதே குடியேற்ற விதிகள்தான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது (இலங்கையில் பிறந்த நம் வாசகர்களுக்கு இவ்வளவு நீளமில்லை). வரிசையில் பிடித்த இடம் நம்மோடு வரும் என்றாலும், வேலை மாறினால் புது நிறுவனம் பெரும்பாலும் முதல் கட்டத்திலிருந்து பேப்பர் வேலையைத் தொடங்க வேண்டும். "எதுக்கு வம்பு, இருக்கிற இடத்திலேயே இருப்போம்" என்று இருந்துவிடுகிறோம். வருஷம் ஆக ஆக அந்தக் கம்பெனியின் உள் விவகாரங்களில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. வெளியே நம் மதிப்பு என்ன என்று கேட்க யாரும் இல்லாததால், நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் அனுப்புவதாக அறிவித்தன. அப்படி வந்தவர்களில் பலர் உலகத்தரமான எஞ்சினியர்கள். ஆனால் கூகுளுக்குள் இருக்கும் டூல்கள் பல வெளியே அந்தப் பெயரில் கிடையாது. கிட்ஹப்பில் ஒரு பட்டியல் ரொம்ப நாளாகவே இருக்கிறது, எக்ஸ்ஜி டு எக்ஸ்ஜி என்று பெயர். கூகுளைவிட்டு வந்தவர்கள் கூகுளைவிட்டு வந்தவர்களுக்காகப் போட்டது. உள்ளே இதற்குப் பெயர் போர்க், வெளியே கிட்டத்தட்ட அதே வேலைக்குக் குபர்நெட்டிஸ். உள்ளே பிளேஸ், வெளியே பேசல். இப்படியே போகும். கூகுள்காரர்களுக்கே ஒரு அகராதி தேவைப்படுகிறது என்றால் நாம் எம்மாத்திரம்?

"சரி, வீக்எண்டில் கோர்ஸ் படிக்கிறேன்" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். அவர்கள் மேல் இல்லை, அப்படிச் சொல்லவைக்கும் விளம்பரங்கள் மேல். நாற்பது வயதில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு சாக்கர், ஞாயிறு தமிழ்ப் பள்ளி, நடுவில் காஸ்ட்கோ, ராத்திரி ஊருக்கு வீடியோ கால். இதில் எந்த இடுக்கில் நாற்பது மணி நேர மெஷின் லேர்னிங் கோர்ஸை நுழைப்பது? தள்ளுபடியில் வாங்கிப் போட்டு, மூன்றாவது வீடியோவில் நின்ற கோர்ஸ்கள் நம் எல்லோர் கணக்கிலும் தூங்குகின்றன. வீக்எண்டில் படித்தே துறை மாறி மேலே போனவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் இரண்டு பேரைத் தெரியும். அவர்களுக்கு வணக்கம். எல்லோருக்குமான வழியாக அதை நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது, வேலை நேரத்திலேயே, கையில் இருக்கும் டிக்கெட்டிலேயே ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு பேஜ் மெதுவாக வருகிறது என்று டிக்கெட். கேஷ் போட்டு மூடிவிடலாம், அரை மணி நேர வேலை. அதற்கு முன், ஓஆர்எம் உருவாக்கும் எஸ்க்யூஎல்லை எடுத்து, போஸ்ட்கிரெஸில் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டுப் பாருங்கள். பெரிய டேபிளில் 'சீக்வென்ஷியல் ஸ்கேன்' என்று வந்தால், ஏன் இண்டெக்ஸைத் தொடவில்லை என்று தேடுங்கள். அல்லது ஒரே க்வெரி நூறு தடவை ஓடுகிறதா என்று லாகில் பாருங்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் வந்தது எந்த நாட்டில், எந்தக் கம்பெனியில் போய் உட்கார்ந்தாலும் செல்லும்.

இன்னொரு உதாரணம். கண்டெய்னர் திடீர் திடீரென்று சாகிறது, எக்ஸிட் கோடு 137. வழக்கமாக என்ன செய்வோம்? ஸ்லாக்கில் பிளாட்ஃபார்ம் டீமைக் கூப்பிடுவோம், அவர்கள் மெமரி அளவைக் கூட்டிவிடுவார்கள், நாமும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவோம். 137 எங்கிருந்து வந்தது? 128-ஓடு 9-ஐக் கூட்டினால் 137. 9 என்பது யூனிக்ஸில் மறுபேச்சில்லாமல் ஒரு ப்ராசஸைக் கொல்லும் சிக்னலின் எண். பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் கெர்னல் கொன்றிருக்கிறது என்று பொருள். இது தெரிந்த பிறகு, வரம்பு குறைவா, இல்லை நம் கோடு மெமரியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறதா என்ற சரியான கேள்வி தானாக வரும். குபர்நெட்டிஸ் நாளைக்கே போய் வேறொன்று வந்தாலும், லினக்ஸ் இருக்கும்வரை அந்த 9 இருக்கும்.

ஏஐ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "இனிமே ஏஜென்ட்தான் எழுதப்போகுது, நாம எதுக்குப் படிக்கணும்" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். நானும் தினமும் பயன்படுத்துகிறேன், திரும்பிப் போகும் எண்ணமில்லை. ஆனால் 2025 ஜூலையில் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட முடிவு என் மனதில் தங்கிவிட்டது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், தங்களுக்கு நன்றாகப் பழகிய ப்ராஜெக்ட்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ பயன்படுத்த அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகும், ஏஐ தங்களை 20 சதவீதம் வேகமாக்கியது என்றே அவர்கள் நம்பினார்கள். 16 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, டூல்களும் அதற்குப் பிறகு மாறிவிட்டன. ஆகவே ஏஐ நம்மை மெதுவாக்கும் என்று இதை வைத்து நான் வாதாட வரவில்லை. எனக்கு முக்கியம் அந்த இடைவெளி: தான் எவ்வளவு வேகம் என்பதே கைதேர்ந்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, "எனக்கு இது தெரியும்" என்று நாம் உள்ளுக்குள் வைத்திருக்கும் கணக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

ஏஜென்ட் எழுதித் தரும் காலத்தில் முதலில் துருப்பிடிப்பது, பிறர் எழுதிய கோடைப் படித்துத் தப்பைக் கண்டுபிடிக்கும் பழக்கம். அதற்கு நான் வைத்திருக்கும் விதி சின்னது. மாற்றப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடியாமல் மெர்ஜ் பண்ணுவதில்லை. வாரத்துக்கு ஒரு பக்காவது ஏஐ-யிடம் கேட்காமல் டிபக்கரை வைத்து நானே பிடிக்கிறேன். டீமில் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. படி இறங்கச் சொன்னேன் என்று கம்பெனி கோடைச் சொந்த கிட்ஹப்பில் ஏற்றி வைக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வரும், விசாவும் சேர்ந்து ஆடும். நீங்கள் கற்றுக்கொண்ட பொதுவான விஷயத்தை உங்கள் வார்த்தையில், உங்கள் நோட்டில் எழுதிக்கொள்வதைத்தான் சொல்கிறேன். அதையும் ஆஃபீஸ் லேப்டாப்பில் வைக்க வேண்டாம். லேஆஃப் அன்று காலையில் முதலில் லாக் ஆவது அதுதான்.

"எதைப் படிக்கணும்" என்பதற்கு இப்போது பதில். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் வேலையில் தொட்ட எல்லா டூலையும் லைப்ரரியையும் கம்பெனிக்குள் வழங்கும் பெயரிலேயே எழுதுங்கள். வலப்பக்கம், அதற்கு வெளியே என்ன பெயர், அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வரி. கூகுளில் தேடக்கூடாது, ஏஐ-யிடமும் கேட்கக்கூடாது. எந்த வரிக்கு வலப்பக்கம் காலியாக இருக்கிறதோ, அதில் தினமும் கைபடுவது எதுவோ, அதுதான் உங்கள் அடுத்த பாடம். அது ரஸ்ட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. அனேகமாக உங்கள் லோட் பேலன்சராகவோ டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனாகவோ லாகின் டோக்கனாகவோ இருக்கும்.

தாள் தயாரானதும், கம்பெனி பெயரும் அங்கே மட்டும் வழங்கும் டூல் பெயர்களும் இல்லாமல், காலியாக நின்ற விஷயங்களை மட்டும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அதிகம் பேர் அனுப்பும் மூன்றை எடுத்து, தலைக்கு இருபது நிமிடம் வைத்து அடுத்த எபிசோடில் பேசுகிறோம். கேஃப்காவுக்கு மட்டும் இப்போதே ஒரு ஓட்டு விழுந்துவிட்டது, நண்பர் முந்திக்கொண்டார்.